புரட்டாசியில் வரும் விருந்தாளிகள்
கொல்லைப்புறத்தில் வலசைப் பறவைகளைப் பார்ப்பது எப்படி, பார்த்தால் உழவருக்கு என்ன பயன்?



முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்றபோது கையில் இருந்தது நான்கு ஏக்கர் நிலமும், எதையும் தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கமும்தான். நிலம் தூத்துக்குடிக்குத் தெற்கே, சாயர்புரம் பக்கம். மாடியில் ஏறி நின்றால் கிழக்கே உப்பளங்களின் வெள்ளை வெளிச்சம் தெரியும். மேற்கே பனையும் உடைமரமும். விவசாயம் எனக்கு ஒழுங்காக வந்துவிட்டது என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் என் நோட்டில் விதைப்பு, மழை, செலவு இவற்றோடு இன்னொரு பக்கமும் இருக்கிறது. எந்தப் பறவை எந்தத் தேதியில் வந்தது என்ற கணக்கு. அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்தக் கணக்கு எப்படி ஆரம்பித்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சந்தோஷமான ஆரம்பம் இல்லை.

மக்காச்சோளமும் ஒரு கீச்சானும்

2018-ஆம் வருஷம் நமக்கெல்லாம் மறக்காது. அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்த வருஷம் அது. அந்தப் பருவத்திலேயே விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கம் மக்காச்சோளம் போட்டவர்கள் எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். நானும் அந்த வருஷம் ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருந்தேன். அப்போது நான் இயற்கை விவசாயி இல்லை. குருத்துக்குள் புழுவைப் பார்த்ததும் பயந்துபோய், கடையில் கொடுத்த மருந்தை மூன்று முறை அடித்தேன்.

மூன்றாவது முறை அடித்த மறுநாள் காலை, வரப்போரம் ஒரு பறவை செத்துக் கிடந்தது. மைனாவை விடச் சிறியது. முதுகு பழுப்பு, கண்ணின் மேல் கறுப்புக் கட்டு, கொக்கிபோல் வளைந்த அலகு. களை எடுக்க வந்த ஆச்சி ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, “இது நம்ம ஊர்க் குருவி இல்ல சார். மழைக்கு முந்தி வரும், சித்திரைக்குப் போயிரும். நீங்க அடிச்ச புழுவத்தான் தின்னுருக்கும்” என்றார்.

மருந்துதான் கொன்றது என்று நிரூபிக்க என்னிடம் ஆய்வகம் கிடையாது. ஆனால் அந்த ஆச்சி சொன்னது மனசில் நின்றுவிட்டது. பிறகு புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அது பழுப்புக் கீச்சான். சைபீரியா, மங்கோலியா, வடசீனம் போன்ற இடங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயத்தைத் தாண்டி நம் ஊருக்கு வருகிற பறவை. சில ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, சம்பளம் கேட்காமல் என் வயலில் புழு பொறுக்கிய வேலையாள். அதற்கு நான் கொடுத்த கூலி அது.

அடுத்த வருஷத்திலிருந்து மருந்தை விட்டேன். நோட்டில் பறவைப் பக்கம் ஆரம்பித்ததும் அப்போதுதான்.

ஏன் வருகின்றன?

குளிர் தாங்காமல் வருகின்றன என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். அது பாதிதான் சரி. இறகுப் போர்வை இருக்கிறவரை பறவை நல்ல குளிரையும் தாங்கும். தாங்க முடியாதது பசியை. வடக்கே பனி விழுந்தால் புழு, பூச்சி, வெட்டுக்கிளி எல்லாம் மறைந்துவிடும், ஏரிகள் உறைந்துவிடும். இரை தேடித்தான் தெற்கே வருகின்றன.

அப்படியானால் இங்கேயே இருந்துவிடலாமே, ஏன் திரும்பிப் போக வேண்டும்? அதற்கும் காரணம் இருக்கிறது. வடக்கே கோடைகாலப் பகல் மிக நீளம். பூச்சிகளும் அந்தச் சில மாதங்களில் ஏராளம். குஞ்சுகளுக்கு இரை ஊட்ட அதிக நேரம் கிடைக்கும். அதனால் பிள்ளை பெற வடக்கு, பிழைக்கத் தெற்கு என்று ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றன.

மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் இந்தியா, இலங்கை நோக்கி வரும் இந்தப் பாதைக்கு மத்திய ஆசிய வலசைப் பாதை என்று பெயர். முப்பது நாடுகள் இதற்குள் அடங்கும். நம் மன்னார் வளைகுடாக் கரை இந்தப் பாதையின் தெற்குக் கோடியில் இருக்கிறது. வடக்கே புறப்பட்டவற்றுக்கு இங்கே நிலம் முடிந்து கடல் ஆரம்பிக்கிறது. சில இங்கேயே தங்கும். சில ஓய்வெடுத்துக்கொண்டு இலங்கைக்குப் போகும்.

வழி எப்படித் தெரிகிறது? பகலில் சூரியன், இரவில் நட்சத்திரங்கள், பூமியின் காந்தப்புலம், ஆறு, மலை, கடற்கரை போன்ற அடையாளங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பயன்படுத்துகின்றன. சிறு பறவைகள் பல இரவில்தான் பறக்கின்றன. காற்று குளிர்ச்சியாக இருக்கும், பருந்து பயம் குறைவு, பகல் முழுவதும் இரை தேட நேரம் கிடைக்கும். புறப்படுவதற்கு முன் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். சில சிறு பறவைகள் தம் எடையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கிக்கொண்டு கிளம்புகின்றன. அதுதான் அவற்றின் டீசல்.

எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஓர் உதாரணம். 2022 அக்டோபரில், பட்டைவால் மூக்கன் என்ற கரையோரப் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில், எங்கும் இறங்காமல் பறந்தது. முதுகில் கட்டிய சிறு கருவி காட்டிய கணக்கு இது. அந்தப் பறவைக்கு அப்போது வயது ஐந்து மாதம்தான். வழிகாட்டப் பெற்றோர் இல்லாமலேயே திசையை அறியும் சக்தி பிறவியிலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் பட்டமும் அவற்றின் பட்டமும்

நம் மாவட்டத்தில் மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில்தான். அதை நம்பித்தான் புரட்டாசிப் பட்டம் போடுகிறோம். உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி எல்லாம் அப்போதுதான் மண்ணுக்குள் போகும். ஐப்பசி மழையில் பயிர் எழும். கூடவே புழுவும் எழும். மேல்காற்று அடங்கி வாடை எட்டிப் பார்க்கும் அதே சமயத்தில்தான் இந்தப் பறவைகளும் வந்து இறங்குகின்றன. விதைப்புக்கு ஒரு பட்டம் இருப்பதுபோல் வலசைக்கும் பட்டம் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக வருவதுதான் நமக்கு லாபம்.

எங்கள் பக்கத்தில் நான் பார்க்கும் வரிசை ஏறக்குறைய இப்படி:

*ஆவணி கடைசி, புரட்டாசி.* முதலில் உப்பளத்தில் உள்ளான்கள். சிட்டுக்குருவி அளவே இருக்கும் கொசு உள்ளான் கூட்டம் கூட்டமாக இறங்கும். வயலுக்கு வாலாட்டிகளும் தகைவிலான்களும் வரும். வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடப்பது வாலாட்டி. மஞ்சள் வாலாட்டி மேயும் மாட்டின் காலடியிலேயே ஓடும். மாடு கிளப்பும் பூச்சிதான் அதற்குச் சாப்பாடு. தகைவிலான் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பறந்துகொண்டே கொசுவையும் ஈயையும் பிடிக்கும். நீலவால் பஞ்சுருட்டானும் சூறைக்குருவியும் இந்தச் சமயத்தில்தான் வரத் தொடங்கும்.

*ஐப்பசி.* இதுதான் கொல்லைப்புறத்துக்கு உச்சக்கட்டம். பழுப்புக் கீச்சான், மாங்குயில், நீண்ட வாலோடு அரசவால் ஈப்பிடிப்பான், புதருக்குள் ‘டக் டக்’ என்று நாக்கைத் தட்டுவதுபோல் சத்தமிடும் நாணல் கதிர்க்குருவி, எல்லாம் வரும். ஆறுமணிக்குருவியும் வரும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

*கார்த்திகை, மார்கழி.* குளம் பெருகினால் வாத்துகள் வரும்: ஊசிவால் வாத்து, நீலச்சிறகி. கரிசல் காட்டில் பூனைப்பருந்துகள் தாழப் பறக்கும். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011-லிருந்து வருஷந்தோறும் தை மாத வாக்கில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மாணவர்களும் ஆர்வலர்களும் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள்.

*பங்குனி, சித்திரை.* ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும். கீச்சானை என் நோட்டில் கடைசியாக எழுதுவது பெரும்பாலும் சித்திரை முதல் வாரத்தில்தான்.

உப்பளத்தையும் ஒரு நாள் போய்ப் பாருங்கள்

தூத்துக்குடிக்கு வரும் வெளியூர் நண்பர்களை நான் உப்பளத்துக்குக் கூட்டிப்போவேன். மழை தொடங்கியதும் உப்பு வாரும் வேலை நிற்கும். பாத்திகளில் தண்ணீர் தேங்கும். அங்கே பூநாரைகள் தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து மேயும். உவர்நீரில் வளரும் பாசியும் சிறு இறால்வகை உயிர்களும்தான் அதன் இரை. அதன் இளஞ்சிவப்பு நிறமே அந்த இரையிலிருந்து வருவது. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே வகைப் பொருள்தான்.

சற்று தள்ளிக் கடலுக்குள் வான் தீவு, காசுவார், காரைச்சல்லி என்று சிறு தீவுகள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் சேர்ந்தவை. அவற்றில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலில் மூழ்கிப்போய்விட்டன. இந்தத் தீவுகளும் சேற்றுத் திட்டுகளும் ஆலாக்களுக்கும் கடற்காகங்களுக்கும் இறங்குமிடம்.

இந்தக் கரையை முத்துக்குளிக்கும் கரை என்று உலகமே சொன்னது. கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். சின்ன வயசில் பெரியவர்கள் ‘முத்துச்சலாபம் திரும்ப வரும்’ என்று பேசிக்கேட்டிருக்கிறேன். வரவில்லை. ஒரு வளம் போகும்போது சொல்லிக்கொண்டு போவதில்லை. போன பிறகுதான் கணக்குப் பார்ப்போம். பறவை விஷயத்தில் இருக்கும்போதே கணக்கு எழுதி வைப்போம் என்பது என் ஆசை.

சூறைக்குருவி: நண்பனா, திருடனா?

நேர்மையாகப் பேச வேண்டிய இடம் இது. பறவையெல்லாம் நண்பன் என்று எழுதிவிட்டால், கம்பு போட்டவர்கள் என் வீட்டுக்கு வந்து சண்டை போடுவார்கள். அதுவும் நியாயம்தான்.

சூறைக்குருவியைச் சிலர் சோளக்குருவி என்பார்கள். பெரிய பறவைக்கு உடம்பு ரோஜா நிறம். தலை, இறக்கை, வால் கறுப்பு. இளசுகள் மங்கலான மண் நிறத்தில் இருக்கும். மைனா என்றே நினைத்துவிடுவோம். நூற்றுக்கணக்கில் ஒரே மேகமாகத் திரும்பி, வளைந்து, இறங்கும். மத்திய ஆசியப் புல்வெளிகளில் இது வெட்டுக்கிளியைத் தின்று குஞ்சு வளர்க்கும் பறவை. சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்துவதற்காகவே இதற்குக் கல்குவியல்களும் கூடுகளும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே வந்தபிறகு வெட்டுக்கிளி, புழு, பூந்தேன், ஆலம்பழம், அத்திப்பழம் எல்லாம் தின்னும். கதிர் பால் பிடித்தால் சோளமும் கம்பும் தின்னும்.

ஆக, பயிர் இளசாக இருக்கும்போது அது நமக்குக் கூலியாள். கதிர் பிடித்ததும் பங்கு கேட்கும் கூட்டாளி. இதைப் புரிந்துகொண்டு நடந்தால் நஷ்டத்தைக் குறைக்கலாம். நான் செய்வது:

ஒன்று, பால் பிடிக்கும் பருவத்தில் இரண்டு வாரம் மட்டும் காலையும் மாலையும் ஆள் வைத்து ஓட்டுகிறேன். வெடி போடுவதில்லை, தகரம் தட்டினால் போதும். இரண்டு, கதிரில் மீசை முள் உள்ள நாட்டுக் கம்பு போடுகிறேன். பறவை உட்காரத் தயங்குகிறது. மூன்று, பக்கத்துக் காட்டுக்காரரோடு பேசி ஒரே வாரத்தில் விதைக்கிறோம். ஒருவர் மட்டும் முந்தியோ பிந்தியோ விதைத்தால் மொத்தக் கூட்டமும் அவர் காட்டில்தான் இறங்கும். நான்கு, வேலியோரம் நிற்கும் ஆலையும் அத்தியையும் வெட்டுவதில்லை. பழம் இருந்தால் கூட்டம் அங்கேயும் பிரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் கொஞ்சம் போகத்தான் செய்யும். அதை வாராக்கடன் என்று எழுதிவிடுகிறேன்.

மயில் தொல்லையை இதோடு சேர்க்காதீர்கள். மயில் வலசைப் பறவை இல்லை. அது வேறு பிரச்சினை. தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: பஞ்சுருட்டான் தேனீயைப் பிடித்துத் தின்னும். மேலே மின்கம்பி போகிற திறந்தவெளியில் பெட்டியை வைக்காமல், மரநிழலுக்குள் தள்ளி வையுங்கள்.

மருந்து அவற்றுக்கு என்ன செய்கிறது

பறவை உடனே செத்தால்தான் பாதிப்பு என்று நினைக்கக் கூடாது. 2019-ல் கனடாவில் ஓர் ஆய்வு நடந்தது. வலசை போகும் வழியில் தங்கியிருந்த ஒருவகைச் சிட்டுகளுக்கு, விதைநேர்த்தி செய்த சில விதைகளில் இருக்கக்கூடிய அளவு இமிடாகுளோபிரிட் கொடுத்துப் பார்த்தார்கள். சில மணி நேரத்திலேயே எடை குறைந்தது. இரை எடுப்பது குறைந்தது. சராசரியாக மூன்றரை நாள் தாமதமாகத்தான் பயணத்தைத் தொடர்ந்தன. மூன்றரை நாள்தானே என்று தோன்றும். புரட்டாசியில் விதைக்க வேண்டியதை ஐப்பசிக் கடைசியில் விதைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? பறவைக்கும் பட்டம் தவறினால் அதே கதிதான். கடைப் பாக்கெட்டில் நீலமும் சிவப்புமாக வரும் விதையெல்லாம் பெரும்பாலும் விதைநேர்த்தி செய்ததுதான். சிந்தினால் மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள்.

அர்ஜென்டினாவில் 1995-96 கோடையில் நடந்தது இதைவிடக் கொடுமை. வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்து வெட்டுக்கிளி தின்னும் ஒருவகைப் பருந்து, மோனோகுரோட்டோபாஸ் அடித்த வயல்களில் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தது. பூச்சியைத் தின்ன வந்தது, பூச்சிக்கு வைத்த மருந்தில் போனது. நம் கரிசலில் தாழப் பறக்கும் பூனைப்பருந்தும் வெட்டுக்கிளியும் எலியும் தின்னும் பறவைதான். இரவில் அது மரத்தில் அல்ல, தரிசுப் புல்லில் தரையிலேயே தங்கும். தரிசையெல்லாம் வீண் நிலம் என்று கொளுத்துவதும், சூரிய ஒளிப் பலகை போட்டு நிரப்புவதும் அதன் படுக்கையைப் பறிப்பதுதான்.

மனசு வைத்தால் மாற்ற முடியும் என்பதற்கும் சான்று உண்டு. நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே அமூர் வல்லூறுகளை 2012 வரை வலைபோட்டு ஆயிரக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். செய்தி வெளியே வந்ததும் பாங்தி முதலான கிராமத்து மக்களே கூடிப் பேசி, 2013-ல் வேட்டையை நிறுத்திக் காட்டினார்கள். அந்த வல்லூறுகள் நம் நாட்டின் மேலாகப் பறந்து, அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளும் அங்கே வரும். 1994-ல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஊர்மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே காத்துவந்தார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்பது வேடந்தாங்கல் உழவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். தழைச்சத்தும் மணிச்சத்தும் வானத்திலிருந்து விழுகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

*தண்ணீர்.* அகலமான மண்சட்டி, இரண்டு விரல் ஆழம், நடுவில் ஒரு கல். பூனை பதுங்க முடியாத வெட்டவெளியில், ஆனால் பறந்து ஒளியப் பக்கத்தில் ஒரு புதர் இருக்கும்படி வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் கொசு வளர்ப்பீர்கள்.

*பறவைத் தாங்கி.* ஏக்கருக்குப் பத்து முதல் இருபது. ஒரு நெட்டுக்குச்சி, அதன் தலையில் குறுக்கே ஒரு குச்சி. பயிரைவிட ஓர் அடி உயரம் இருக்க வேண்டும். பயிர் வளர வளர உயர்த்துங்கள். கரிச்சானும் கீச்சானும் பஞ்சுருட்டானும் அதில் உட்கார்ந்துதான் வேட்டையாடும். ஒரு நாள் காலை வரப்பில் உட்கார்ந்து எண்ணினேன். ஒரு கீச்சான் ஒரே தாங்கியிலிருந்து ஒரு மணி நேரத்தில் பதினான்கு முறை தரைக்கு இறங்கி ஏறியது. கதிர் பிடித்ததும் தாங்கிகளை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கிளி வந்து உட்காரும்.

*புதரும் மரமும்.* கொல்லையின் ஒரு மூலையைக் கூட்டாமல் விடுங்கள். சருகு கிடக்கட்டும். சருகுக்கடியில்தான் புழு இருக்கும். வேம்பு, நாவல், அத்தி, முருங்கை, விடத்தலை, பனை என்று நம் மண்ணின் மரங்களை வையுங்கள். காய்ந்த பனை நின்றால் நிற்கட்டும்.

*எலி மருந்து வேண்டாம்.* விஷம் தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் சாகும். பொறி வையுங்கள், கிட்டி வையுங்கள்.

*இரவு விளக்கு.* வலசை மாதங்களில் தேவையில்லாத வெளிவிளக்கை அணையுங்கள். இரவில் பறப்பவை வெளிச்சத்தில் குழம்பிச் சுவரிலும் கண்ணாடியிலும் மோதுகின்றன.

*பார்ப்பது எப்படி?* விடிந்து ஒரு மணி நேரம், பொழுது சாய ஒரு மணி நேரம் முன்பு. தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஆரம்பிக்கலாம். புதுப் பறவையைப் பார்த்தால் ஐந்து கேள்வி கேளுங்கள். அளவு என்ன: சிட்டா, மைனாவா, காகமா? அலகு ஊசியா, கொக்கியா, தடிப்பா? வாலை என்ன செய்கிறது? எங்கே இருக்கிறது: தரையா, புதரா, உச்சிக்கிளையா? சத்தம் என்ன? இந்த ஐந்தும் கிடைத்துவிட்டால் புத்தகத்தில் பெயர் கிடைக்கும்.

*எழுதி வையுங்கள்.* தேதி, நேரம், பறவை, எத்தனை, என்ன தின்றது. பேரப்பிள்ளைகள் இருந்தால் ‘ஈபேர்ட்’ செயலியில் அவர்களைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பொங்கலை ஒட்டி நான்கு நாள் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் வயலில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலே சேர்ந்துகொள்ளலாம். அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் தினம். ஆரம்பிக்க நல்ல நாள்.

ஆறுமணிக்குருவி

கடைசியாக அதைச் சொல்லி முடிக்கிறேன். பச்சை முதுகு, மங்கலான மஞ்சள் நெஞ்சு, அடிவயிற்றில் சிவப்பு, இறக்கையில் நீலம், கண்ணில் கறுப்புப் பட்டை. இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு, சருகுக்குள் தத்தித் தத்திப் புழு கிளறும். காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் இரண்டு முறை சீழ்க்கையடிக்கும். அதனால்தான் அந்தப் பெயர். இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி வாக்கில் இங்கேயும் இலங்கைக்கும் வரும்.

2020-ல் ஒரு நாள் காலை. என் மனைவி வாசலிலிருந்து, “ஏங்க, இங்க வாங்க, கிளி மாதிரி ஒண்ணு விழுந்து கிடக்கு” என்று கூப்பிட்டாள். ஜன்னல் கண்ணாடியில் மோதியிருக்கிறது. கண் மூடி, இறக்கை விரிந்து கிடந்தது. அவள் தண்ணீர் ஊட்டப் போனாள், தடுத்துவிட்டேன். மயங்கிக் கிடக்கும் பறவையின் வாயில் தண்ணீர் விட்டால் மூச்சுக்குழாயில் போய்விடும். அட்டைப்பெட்டியில் துணி விரித்து, காற்றுக்குத் துளை போட்டு, மூடி, இருட்டான அறையில் வைத்தோம். ஒன்றரை மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு உள்ளே கரகரவென்று கீறும் சத்தம். பெட்டியை முருங்கையடியில் வைத்துத் திறந்ததும், ஒரு நொடி எங்களைப் பார்த்துவிட்டுப் புதருக்குள் போய்விட்டது. அன்று மாலை ஆறேகாலுக்குச் சீழ்க்கை கேட்டது. நோட்டில் அதையும் எழுதினேன். (அடிபட்டு ரத்தம் வந்தாலோ, இறக்கை ஒடிந்திருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். நாமே வைத்து வளர்க்கக் கூடாது. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.)

என் நோட்டில் ஆறுமணிக்குருவியின் சத்தத்தை முதலில் கேட்ட தேதிகள்: 2019 அக்டோபர் 17. 2020 அக்டோபர் 11. 2021 அக்டோபர் 20. 2022 அக்டோபர் 14. 2023 அக்டோபர் 22. அந்த வருஷம் டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய பெருமழையில், எங்கள் கொல்லையிலும் இடுப்பளவு தண்ணீர். சருகு, புதர், சட்டி எல்லாம் போயிற்று. மண்ணே அரித்துப் போயிற்று. 2024-ல் அக்டோபர் முழுக்கக் காத்திருந்தேன். சத்தம் இல்லை. அந்த வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

ஆறு வருஷக் கணக்கை வைத்துக்கொண்டு பறவை போய்விட்டது என்றோ, வரும் என்றோ முடிவு கட்ட முடியாது. என் கொல்லையில் இல்லாதது பக்கத்து ஊர்க் கொல்லையில் இருந்திருக்கலாம். அதற்குத்தான் உங்கள் நோட்டும் வேண்டும் என்கிறேன். வேலியோரம் மறுபடி அத்தியும் நொச்சியும் நட்டு, சருகு மூடாக்குப் போட்டிருக்கிறேன். சட்டி புதுசு. புரட்டாசி பிறந்ததும் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவேன். உங்கள் ஊரில் அதன் சீழ்க்கை கேட்டால், தேதி போட்டு ஒரு தபாலட்டை நம் இதழுக்குப் போடுங்கள்.